மருந்து எழுதாத மருத்துவர்

திண்டுக்கல்லில் ஒருவர் "இயற்கை வைத்தியம் பார்க்கிறேன்" என்று சொன்னால் அது எதுவாகவும் இருக்கலாம். சிறுமலை மூலிகையில் காய்ச்சிய எண்ணெய், நாட்டு மருந்துக் கடையில் மடித்துக் கொடுத்த சூரணம், சித்த மருத்துவர் தந்த லேகியம், வாட்ஸ்ஆப்பில் வந்த ஏழு நாள் ஜூஸ் விரதம் என எல்லாவற்றுக்கும் நம் ஊரில் அந்த ஒரே பெயர்தான்.

அரசு அங்கீகரித்த இயற்கை மருத்துவம் இவற்றிலிருந்து வேறான தனி முறை. அதற்கு ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. சூரணம், லேகியம், கஷாயம், மாத்திரை எதுவும் அதில் கிடையாது. உணவு, பட்டினி, தண்ணீர், மண், வெயில், தேய்ப்பு, யோகா, ஓய்வு ஆகியவைதான் அதன் கருவிகள். மூலிகை மருந்து கொடுப்பவர் சித்த மருத்துவராகவோ ஆயுர்வேத மருத்துவராகவோ இருக்கலாம். அவர் இயற்கை மருத்துவர் ஆகமாட்டார்.

ஒரு சிறு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கனடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் உறவினர் "நேச்சுரோபதி டாக்டரிடம் போனேன்" என்றால், அந்த மருத்துவர் மூலிகை மாத்திரையும் வைட்டமினும் ஹோமியோபதி மருந்தும்கூடக் கொடுத்திருப்பார். அங்கே அந்தத் தொழில் அப்படி வளர்ந்தது. இந்தியாவில் அது 'மருந்தில்லா மருத்துவம்' என்ற கோட்டிலேயே நின்றது. அதற்குப் பெரிய காரணம் காந்தி.

ஜெர்மனியிலிருந்து காந்திகிராமம் வரை

பலரும் நினைப்பதுபோல இந்த முறை இன்றைய வடிவத்தில் நம் பாட்டி வைத்தியத்திலிருந்து கிளைத்ததல்ல. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வின்சென்ஸ் பிரீஸ்னிட்ஸ் என்ற விவசாயி குளிர்ந்த நீரால் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து பெயர் பெற்றார். அவருக்குப் பின் செபாஸ்டியன் நைப் என்ற பாதிரியார் நீர் சிகிச்சையைப் பரப்பினார். லைப்சிக் நகரின் லூயி கூனே இடுப்புக் குளியலை ஒரு முறையாக வகுத்தார். அடால்ஃப் ஜஸ்ட் மண் சிகிச்சையை முன்வைத்தார். கூனேயின் நூல் 1894-லேயே தெலுங்கில் வந்துவிட்டது.

தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது காந்தி கூனேயையும் ஜஸ்ட்டையும் படித்தார். மண் பட்டியையும் நீர்க் குளியலையும் தன்மேலும் குடும்பத்தார்மேலும் சோதித்துப் பார்த்தார். 1945 நவம்பர் 18 அன்று அகில இந்திய இயற்கை மருத்துவ அறக்கட்டளையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அந்த நாள்தான் இப்போது தேசிய இயற்கை மருத்துவ நாள். 1946 பிப்ரவரியில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கும் பழனிக்கும் வந்து திரும்பியவர், அடுத்த மாதமே புனே அருகே உருளி காஞ்சன் கிராமத்தில் ஏழைகளுக்கான இயற்கை மருத்துவ ஆசிரமத்தைத் தொடங்கிவைத்தார். அது இன்றும் நடக்கிறது.

தமிழ்நாட்டில் இதை வேரூன்றச் செய்தவர்களில் முக்கியமானவர் புதுக்கோட்டை கே. லட்சுமண சர்மா. ரமண மகரிஷியின் சீடரான அவர், இயற்கை மருத்துவம் குறித்து ஆங்கிலத்தில் எழுதிய நூல் நாடு முழுவதும் இத்துறையினரின் கைநூலாக இருந்தது.

திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில், சின்னாளபட்டியை ஒட்டி, 1947-இல் டாக்டர் டி.எஸ். சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவினார்கள். சௌந்திரம் அலோபதி படித்த மருத்துவர், தீவிர காந்தியவாதி. அங்கே வளர்ந்த கஸ்தூரிபா மருத்துவமனை பிரசவமும் அறுவைச் சிகிச்சையும் பார்க்கும் நவீன மருத்துவமனை. அதே வளாகத்தின் லட்சுமி சேவா சங்கம் சித்த, ஆயுர்வேத மருந்துகளைத் தயாரிக்கிறது. ஒரு முறையை நம்புவதற்காக இன்னொன்றைத் தள்ளிவைக்கத் தேவையில்லை என்பதற்கு நம் மாவட்டத்திலேயே இருக்கும் சான்று இது. காந்தியும் 1924 ஜனவரியில் குடல்வால் அழற்சி வந்தபோது மண் பட்டியோடு நிற்கவில்லை. புனே சாசூன் மருத்துவமனையில் ஆங்கிலேய மருத்துவரிடம் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார்.

அடிப்படைக் கொள்கை என்ன?

உடலுக்குத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் ஆற்றல் உண்டு. மருத்துவரின் வேலை அதற்குத் தடையாக இருப்பவற்றை விலக்குவது. இதுதான் மையக் கருத்து. தவறான உணவாலும் பழக்கத்தாலும் உடலில் கழிவு தேங்குகிறது, அதுவே எல்லா நோய்க்கும் வேர், காய்ச்சலும் பேதியும் அதை வெளியேற்ற உடல் செய்யும் முயற்சி என்று பழைய நூல்கள் சொல்கின்றன.

முதல் பாதியோடு எந்த மருத்துவருக்கும் சண்டை இல்லை. காயம் ஆறுகிறது, ஒடிந்த எலும்பு கூடுகிறது. 'தேங்கிய கழிவுதான் எல்லா நோய்க்கும் காரணம்' என்ற மறு பாதியை அறிவியல் ஏற்பதில்லை. கல்லீரலும் சிறுநீரகமும் கழிவை அன்றாடம் வெளியேற்றுகின்றன. காசநோய் கிருமியால் வருகிறது, மலேரியா கொசுவால் பரவுகிறது. இன்று படித்து வரும் இயற்கை மருத்துவர்கள் உடற்கூறியல், உடலியங்கியல், நோயியல் எல்லாம் படித்தவர்கள். அவர்களில் நல்லவர்கள் பழைய கொள்கையைச் சற்றுத் தளர்வாகவே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

உள்ளே போனால் என்ன நடக்கும்?

முதல் சந்திப்பு நீளமானது. எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், இரவு எப்போது சாப்பிடுகிறீர்கள், மலம் ஒழுங்காகப் போகிறதா, தூக்கம் எப்படி, கவலை என்ன என்று கேள்விகள் போகும். ரத்த அழுத்தம், எடை, இடுப்புச் சுற்றளவு பார்ப்பார்கள். சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகப் பரிசோதனை முடிவுகளைக் கேட்பார்கள். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அதுவே முதல் எச்சரிக்கை.

சிலர் கண்ணின் கருவிழியைப் பார்த்தே நோயைச் சொல்வதாகக் கூறுவார்கள். அதை நம்ப வேண்டியதில்லை. 1979-இல் அமெரிக்காவில் 143 பேரின் கண் படங்களை வைத்துச் சோதித்தபோது, யாருக்குச் சிறுநீரக நோய் இருக்கிறது என்பதை அந்த முறையினரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறகு சிகிச்சை. பெரும்பாலும் இவைதான் இருக்கும்:

*மண் பட்டி.* ஆழத்தில் தோண்டிய சுத்தமான மண்ணை வெயிலில் காயவைத்து, சலித்து, தண்ணீரில் ஊறவைப்பார்கள். அதை ஈரத்துணியில் ஓர் அங்குலக் கனத்துக்குப் பரப்பி அடிவயிற்றிலோ கண்மேலோ இருபது, முப்பது நிமிடம் வைப்பார்கள். குளிர்ச்சி நெடுநேரம் நிற்கும். வீட்டில் செய்ய நினைப்பவர்கள் மண்ணை எங்கிருந்து எடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். நிலக்கோட்டைப் பூந்தோட்ட மண்ணில் பூச்சிமருந்து இருக்கும். தோல் தொழிற்சாலைக் கழிவு ஓடிய பக்கத்து மண்ணைத் தொடவே கூடாது.

*இடுப்புக் குளியல்.* சாய்வுத் தொட்டியில் தொப்புள் அளவுக்குத் தண்ணீர் நிரப்பி, கால்களும் மேலுடம்பும் நனையாமல் உட்கார வேண்டும். ஈரத்துணியால் அடிவயிற்றை மெல்லத் தேய்ப்பார்கள். மலச்சிக்கலுக்கும் மாதவிடாய்த் தொல்லைக்கும் அதிகம் பரிந்துரைப்பது இதைத்தான். குளிர்நீர் என்றால் ஏறத்தாழ 10 முதல் 18 டிகிரி. சித்திரை மாதத் திண்டுக்கல்லில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே சுடும் என்பதால், சிகிச்சை நிலையத்தில் வெப்பமானி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

*நீராவிக் குளியல், வெந்நீர்ப் பாதக் குளியல்.* நீராவிப் பெட்டிக்குள் போகுமுன் தண்ணீர் குடிக்கவைத்து, தலையில் ஈரத்துணி போடுவார்கள். தலை வெளியே இருக்கும். இதய நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது கூடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர் வெந்நீரில் கால் வைத்தால் சூடு தெரியாமலேயே வெந்துபோகும்.

*உணவும் பட்டினியும்.* இதுதான் இந்த மருத்துவத்தின் மையம். உணவை மூன்று கட்டமாகப் பிரிப்பார்கள்: முதலில் எலுமிச்சைச் சாறு, இளநீர், வெண்பூசணிச் சாறு, அடுத்து பழம், காய்க்கலவை, முளைகட்டிய பயறு, பிறகு கைக்குத்தல் அரிசி, சிறுதானியம், கீரை, வேகவைத்த காய். உப்பு, எண்ணெய், சர்க்கரை குறையும். டீ, காபி நிற்கும். இதற்குத் தூர தேசத்துப் பழம் எதுவும் வேண்டாம். ஒட்டன்சத்திரம் சந்தைக் காய்கறியும், ஆயக்குடிக் கொய்யாவும், கம்பும், கொல்லை முருங்கைக்கீரையும் தாராளம்.

இவற்றோடு யோகாசனம், மூச்சுப்பயிற்சி, தேய்ப்பு, சில இடங்களில் அக்குபங்சர் ஆகியவையும் உண்டு. தங்கிச் சிகிச்சை பெறும் இடங்களில் விடியுமுன் எழுந்து, பொழுது சாய்ந்ததும் இரவு உணவை முடித்து, போனை ஒதுக்கி, நேரத்தோடு படுக்க வேண்டும். அந்த ஒழுங்கே பாதி சிகிச்சை. பத்து நாள் தங்கி எடை குறைந்து வந்தவர் மறு வாரமே இரவு பத்து மணிக்குப் பரோட்டாவுக்குத் திரும்பினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். மருந்து இல்லாத மருத்துவத்தில் நோயாளி செய்யும் வேலைதான் மருந்து.

எதில் பலன், எதில் ஆபத்து?

உடல் பருமன், ரத்த அழுத்தத்தின் தொடக்க நிலை, இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், மலச்சிக்கல், முதுகுவலி, தூக்கமின்மை, மனஅழுத்தம் ஆகியவை வாழ்க்கைமுறையோடு பின்னியவை. உணவையும் உடற்பயிற்சியையும் மாற்றினால் இவை குறையும் என்பதில் நவீன மருத்துவத்துக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பிரிட்டனில் 306 பேரை வைத்து நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சில மாதங்கள் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்து எடையைக் குறைத்த குழுவில், ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. அவர்கள் எல்லாரும் நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள். மாத்திரையை நிறுத்தியதும் மருத்துவக் குழுவின் கண்காணிப்பில்தான்.

ஆபத்து தொடங்குவதும் இங்கேதான். இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும், உயிரும் போகலாம். முதல் வகைச் சர்க்கரை நோயாளி ஒரு நாளும் இன்சுலினை நிறுத்தக் கூடாது. சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீரும் பழச்சாறும் நல்லதல்ல. அவற்றிலுள்ள பொட்டாசியம் உடலில் தேங்கி இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடும். காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறும். புற்றுநோயில் சாறு குடித்துக் கழித்த மாதங்கள் திரும்ப வராது. மாரடைப்பு, பக்கவாதம், வயலில் பாம்புக்கடி ஆகியவற்றுக்கு 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போவது ஒன்றே வழி. பிரசவமும் அப்படித்தான். 2018 ஜூலையில் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஓர் இளம்பெண் ரத்தப்போக்கால் இறந்ததை மறக்கக் கூடாது.

யாரிடம் போவது?

இத்துறைக்கான பட்டம் பி.என்.ஒய்.எஸ்., அதாவது இயற்கை மருத்துவம், யோகா அறிவியல் இளநிலைப் பட்டம். நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. சென்னை அரும்பாக்கம் அறிஞர் அண்ணா மருத்துவமனை வளாகத்தில் 2000-இல் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. பிறகு செங்கல்பட்டிலும் வந்தது. தனியார் கல்லூரிகளும் உண்டு. தமிழ்நாட்டில் இதற்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். படித்து முடித்தவர்கள் தமிழ்நாடு இந்திய மருத்துவ வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இவர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது; அங்கே கட்டணம் இல்லை. தனியாரிடம் பணம் கட்டுமுன் அதை விசாரித்துவிடுவது நல்லது.

வார இறுதி முகாமிலோ தபால் வழியிலோ சான்றிதழ் வாங்கியவர் நல்ல யோகா ஆசிரியராக இருக்கலாம். மருத்துவர் என்று பலகை வைக்க அது போதாது. சர்க்கரை, புற்றுநோய் போன்றவற்றை நிச்சயம் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. ஆகவே அப்படிப்பட்ட சுவரொட்டியைப் பார்த்து யாரிடமும் போக வேண்டாம்.

சேருமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். உங்கள் பதிவு எண் என்ன? என் மாத்திரைகளை யாரோடு பேசி, எந்தப் பரிசோதனையைப் பார்த்துக் குறைப்பீர்கள்? எந்த நிலை வந்தால் என்னை வேறு மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள்? மூன்றுக்கும் நேரான பதில் தருபவரிடம் உடம்பை நம்பி ஒப்படைக்கலாம். "எல்லா மாத்திரையையும் இன்றே நிறுத்துங்கள்" என்று தொடங்குபவரிடம் நாலாவது கேள்விக்கு அவசியம் இல்லை, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.