குழந்தையை யாரோடு அனுப்புவது?

ஊட்டியில் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விடுகிற நாளைப் பார்த்திருக்கிறீர்களா? காலையிலிருந்தே கேட்டுக்கு வெளியே கார்கள் வரிசையாக நிற்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறி வந்த களைப்போடு அப்பாக்கள் சோம்பல் முறிப்பார்கள். அம்மாக்கள் கையில் ஸ்வெட்டர் இருக்கும். பெட்டியும் படுக்கையுமாகக் குழந்தைகள் வெளியே ஓடி வரும்போது, எந்தக் குழந்தை யாருடையது என்று யாரும் சொல்லவே வேண்டியதில்லை. அது ஓடுகிற திசையிலேயே தெரிந்துவிடும்.

ஆனால், எல்லாக் குழந்தைகளும் அப்படி ஓடுவதில்லை. சில குழந்தைகள் படியிலேயே நின்றுவிடும். ஏனென்றால் கேட்டுக்கு வெளியே ஒரு பக்கம் அப்பா நிற்கிறார்; இன்னொரு பக்கம் அம்மா நிற்கிறாள்!

இப்படி ஒரு நிலைமையை வைத்துக்கொள்ளுங்கள். தம்பதிகள் பிரிந்துவிட்டார்கள். குழந்தை அம்மாவிடம் இருக்கவேண்டும் என்று கோர்ட் உத்தரவு. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அம்மா வருவதற்கு அரைமணி முன்னதாக அப்பா வருகிறார். கையில் குழந்தைக்குப் பிடித்த வர்க்கிப் பொட்டலம். "நான்தான் இவளுடைய அப்பா. அழைத்துப்போக வந்திருக்கிறேன்" என்கிறார். அவர் சொல்வது பொய் அல்ல. அட்மிஷன் ரிஜிஸ்தரில் அவர் பெயர்தான் இருக்கிறது. குழந்தையும் "அப்பா!" என்று கூப்பிடுகிறது.

காவற்காரர் என்ன செய்வார், பாவம்! "கொஞ்சம் இருங்க ஐயா, அம்மாதான் வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு டீச்சர் சொன்னாங்க" என்று தயங்குவார். "பெற்ற தகப்பனுக்கே தடையா?" என்று அவர் குரலை உயர்த்தினால்? அப்புறம்?

இந்த "அப்புற"த்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். "கார்டியன்" என்பது வேறு. குழந்தையைக் கையில் வைத்து வளர்க்கும் பொறுப்பு, அதாவது "கஸ்டடி" என்பது வேறு. நம்மில் பலர் இரண்டையும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். அதனால்தான் "அப்பாவுக்கு இல்லாத உரிமையா?" என்ற கேள்வி பிறக்கிறது.

1956ஆம் ஆண்டின் இந்து மைனர் பாதுகாப்புச் சட்டம் இயற்கைக் கார்டியன் என்று தகப்பனாரைத்தான் முதலில் சொல்கிறது. "அவருக்குப் பின்" தாயார் என்கிறது. ஆனால் அதே மூச்சில், ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயாரிடம்தான் இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தையின் நலனே தலையாயது என்று முடிக்கிறது.

அந்த "அவருக்குப் பின்" என்ற வார்த்தை எத்தனை தாய்மார்களை அலைக்கழித்திருக்கிறது தெரியுமா? எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984இல் தம் மகன் பெயரில் பத்திரம் வாங்க, கார்டியன் என்று தாமே கையெழுத்திட்டு ரிசர்வ் வங்கிக்கு மனுப் போட்டார். அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்றது வங்கி. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1999இல் தீர்ப்பு வந்தது: "அவருக்குப் பின்" என்றால் தகப்பனார் காலமான பின் என்று மட்டும் அர்த்தமல்ல, அவர் இருந்தும் குழந்தையைக் கவனிக்காமல் இருக்கும்போதும் தாயாரே கார்டியன் ஆகலாம்!

மற்ற மதத்தினருக்கும் பொதுவாக 1890ஆம் ஆண்டின் கார்டியன்கள் சட்டம் இருக்கிறது. குழந்தை சாதாரணமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் அந்தச் சட்டப்படி மனுக் கொடுக்க வேண்டும். குடும்ப நீதிமன்றம் உள்ள இடத்தில் அங்கே. இல்லாத இடத்தில் மாவட்ட நீதிமன்றத்தில். வழக்கு முடியும்வரை குழந்தை யாரிடம் இருப்பது என்று இடைக்கால உத்தரவும் போடுவார்கள்.

ஆகவே, உத்தரவு வந்துவிட்டால் யார் பெரியவர் என்ற பேச்சுக்கு இடமில்லை. அந்தக் காகிதத்தில் எழுதியிருப்பதுதான் பேச்சு. உத்தரவே இல்லையென்றால், ஒருவருடைய வாய்ச் சொல்லை நம்பி மற்றவரை அந்நியராக நடத்தப் பள்ளிக்கூடத்துக்கு ஆதாரம் கிடையாது. இது தாய்மார்கள் கவனிக்க வேண்டிய இடம். "அவரோடு அனுப்பாதீர்கள்" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்தால் மட்டும் போதாது.

ஊட்டிக்கு ஒரு பழைய தொடர்பு

1917ஆம் ஆண்டு, சுயாட்சிக் கிளர்ச்சிக்காக அன்னி பெசன்ட் அம்மையாரைச் சென்னை சர்க்கார் காவலில் வைத்தது. அவர் வந்து தங்கியது நம் ஊட்டியில், கர்னல் ஆல்காட் கட்டிய 'குலிஸ்தான்' பங்களாவில். கூட வந்தவர்கள் அருண்டேலும் வாடியாவும். இதெல்லாம் பலருக்குத் தெரிந்த சரித்திரம்.

ஆனால் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு அதே அம்மையார், இரண்டு பிள்ளைகள் யாரிடம் வளர்வது என்ற வழக்கில் பிரதிவாதியாக நின்றார் என்பது உங்களுக்குத் தெரியுமா?

அடையாற்றில் பிரம்மஞான சங்கத்தில் இருந்த நாராயணய்யா, தம் பிள்ளைகள் கிருஷ்ணமூர்த்தியையும் நித்யானந்தாவையும் 1910இல் அம்மையாரின் பாதுகாப்பில் விட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அம்மையார் 1912இல் அவர்களைப் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே அவர்களுக்கு வாத்தியாராக இருந்தவர், பின்னால் ஊட்டியில் கூடவே காவலில் இருந்த அந்த அருண்டேல்தான். தகப்பனார் மனம் மாறினார். பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டு வழக்குத் தொடுத்தார். சென்னை ஹைக்கோர்ட்டில் அம்மையார் வக்கீல் வைக்காமல் தாமே வாதாடினார். 1913இல் ஜட்ஜ் பேக்வெல் தகப்பனார் பக்கம் தீர்ப்பளித்தார். அப்பீலிலும் அம்மையாருக்குத் தோல்வி. பிறகு லண்டனில் பிரிவி கௌன்சில் 1914 மே மாதத்தில் அதையெல்லாம் ரத்துச் செய்துவிட்டது!

ஏன்? பிள்ளைகள் இருப்பது இங்கிலாந்தில். வழக்குத் தொடங்கியது செங்கற்பட்டு ஜில்லா கோர்ட்டில். அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று நாம் மனத்தில் வைக்க வேண்டியது: இத்தனை பெரியவர்கள் இத்தனை நாள் வாதாடினார்களே, அந்தப் பிள்ளைகளின் சார்பாகப் பேச யாருமே இல்லையே என்பதுதான்!

அந்த மூத்த பிள்ளைதான் பிற்காலத்தில் உலகம் அறிந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி.

திங்கட்கிழமை திரும்பாத பையன்

இனி, பள்ளிக்கூட வாசலிலேயே தொடங்கிய ஒரு வழக்கைக் கேளுங்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணம். தாயார் அமெரிக்கர், தகப்பனார் இந்தியர். 1982இல் அங்குள்ள கோர்ட் அவர்களுக்கு விவாகரத்து அளித்து, பையனைத் தாயாரிடம் ஒப்படைத்தது. வார இறுதிகளில் தகப்பனார் அழைத்துப் போகலாம் என்றும் சொன்னது. ஏற்பாடு நன்றாகத்தான் நடந்தது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து அப்பா அழைத்துப் போவார். திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்திலேயே கொண்டுவந்து விடுவார்.

1986 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை வழக்கம் போல அழைத்துப் போனார். யாருக்கும் சந்தேகம் தோன்றக் காரணமில்லை. ஆனால் திங்கட்கிழமை பையன் திரும்பவில்லை. அதற்குள் அவன் விமானம் ஏறி இந்தியாவுக்கே வந்துவிட்டான்! தகப்பனார் அவனைப் புனாவில் தம் பெற்றோரிடம் கொண்டுவந்து, அங்கே ஒரு பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டார். அந்தத் தாயார் கடல் கடந்து வந்து நேரே சுப்ரீம் கோர்ட்டில் மனுக் கொடுத்தார். நீதிபதிகள் பையனைத் தங்கள் அறைக்கு அழைத்துப் பேசிப் பார்த்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், பையன் தாயாரோடு திரும்ப வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. "இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது" என்ற சமாதானம் எடுபடவில்லை. தப்பான வழியில் கொண்டுவந்தவர் அதனால் ஆதாயம் தேட முடியாது என்று கூறிவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா செய்தது உத்தரவுப்படிதான். பள்ளிக்கூடமும் உத்தரவுப்படிதான் அனுப்பியது. ஆகையால் எவ்வளவு கெட்டிக்காரக் காவற்காரரும் எல்லாவற்றையும் தடுத்துவிட முடியாது. பெரும்பாலானவற்றைத் தடுக்கலாம். அதற்கு வழி உண்டு.

செய்ய வேண்டியவை

உத்தரவு கேட்கும்போதே, "பார்த்துக்கொள்ளலாம்" என்று பொதுவாக எழுதாமல் விவரமாகக் கேளுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் ஒப்படைப்பது. பள்ளிக்கூடத்திலிருந்து நேரே அழைத்துப் போகலாமா. கோடை விடுமுறையில் யாருக்கு எந்தப் பாதி. ஹாஸ்டல் குழந்தையானால் கோயம்புத்தூர் வரை யார் கொண்டுவிடுவது. பாஸ்போர்ட் யாரிடம் இருப்பது - எல்லாம் அதில் இருக்கட்டும். எழுதாமல் விட்ட ஒவ்வொரு வரியும் பின்னால் ஒரு சண்டை.

உத்தரவின் சான்றிட்ட நகலைத் தலைமை ஆசிரியரிடம் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். யார் யாரோடு அனுப்பலாம் என்ற பட்டியலையும் அவர்கள் போட்டோ, டெலிபோன் நம்பரோடு கொடுங்கள். இடைக்கால உத்தரவு மாறக்கூடியது. மாறினால் அன்றே புது நகலைக் கொடுத்துவிட வேண்டும்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாய்க்கு இங்கிலீஷ் உத்தரவு எங்கே புரியும், வக்கீலுக்குப் பணம் எங்கே போவாள் என்று கேட்கிறீர்களா? 1987ஆம் ஆண்டின் சட்டப்படி, வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற நம்பருக்குப் பேசினாலும் வழி சொல்வார்கள்.

பள்ளிக்கூடத்தாருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் ஜட்ஜ் அல்ல. யார் நல்லவர் என்று தீர்மானிப்பது உங்கள் வேலையே அல்ல. சந்தேகம் வந்தால் குழந்தையை ஆபீஸ் அறையில் ஒரு டீச்சரோடு உட்கார வையுங்கள். உத்தரவை எடுத்துப் பாருங்கள். இன்னொருவருக்கு டெலிபோன் செய்யுங்கள். வந்தவரை அவமதிக்காமல், உத்தரவு இடம் தரவில்லை என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கேட்காமல் கலாட்டா செய்தால் இருக்கவே இருக்கிறது போலீஸ், 112. குழந்தைகளுக்கென்றே 1098 என்ற நம்பரும் உண்டு.

குழந்தை யார் சொத்து?

இதுவரை படித்ததை வைத்து, குழந்தையைப் பிரிந்திருக்கும் தகப்பனாரை (சில வீடுகளில் அது தாயாராகவும் இருக்கும்) திருடன் போல நினைத்துவிட வேண்டாம். அவருக்கும் நெஞ்சு இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம் என்று குழந்தையைப் பங்கு போட்டுக் கொடுத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? அவர் செய்ய வேண்டியது கேட்டண்டை காத்திருப்பதல்ல. நேரம் போதவில்லை என்று கோர்ட்டிலேயே கேட்பதுதான். ஒருமுறை தூக்கிக்கொண்டு ஓடினவருக்கு, அடுத்த முறை அந்த இரண்டு மணி நேரமும் கிடைப்பது கஷ்டம்.

அதே மாதிரி, கோர்ட் அனுமதித்த நாளில் "ஜுரம்", "பரீட்சை" என்று சாக்குச் சொல்லிக் குழந்தையை அனுப்பாதவர்களும் உத்தரவை மீறுகிறவர்கள்தான். பெற்றோரில் ஒருவரிடம் குழந்தை இருந்தாலும் மற்றவரின் அன்பும் தொடர்பும் அதற்குக் கிடைக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2020இல் வற்புறுத்தியிருக்கிறது. சென்னையிலிருந்து அப்பீலாகப் போன ஒரு வழக்கில் 1973லேயே சொன்னது இன்னும் அழகு: குழந்தைகள் பெற்றோரின் தட்டுமுட்டுச் சாமானும் அல்ல, விளையாட்டுப் பொம்மையும் அல்ல!

நேயர்களே, கணவன் மனைவி பிரியலாம். சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. ஆனால் அப்பா என்பதையும் அம்மா என்பதையும் ரத்துச் செய்ய எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரமில்லை. ஆகையால் ஒப்படைக்கும் அந்த ஐந்து நிமிஷம் மட்டுமாவது, பழைய கணக்கைப் பேசாதீர்கள். "சாப்பிட்டாயா? ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாயா? போய்விட்டு வா" என்று சொல்லுங்கள். அந்தக் குழந்தை எந்தப் பக்கம் நடந்தாலும், பின்னால் திரும்பிப் பயத்தோடு பார்க்காமல் நடக்கட்டும்.