சிறிய ரப்பர் உறையும் பெரிய செலவும்

வாகனக் கடன் பெற்றுக் கார் வாங்கும்போது மாதத் தவணை, காப்பீட்டுக் கட்டணம், எரிபொருள் ஆகிய மூன்றையும் நாம் கணக்கிடுகிறோம். பராமரிப்பை மட்டும் மறந்துவிடுகிறோம். கடன் 7 ஆண்டுகள் வரை நீள்வதுண்டு. தயாரிப்பாளரின் உத்தரவாதமோ பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடும். ரப்பர் பாகங்கள் வெடிக்கத் தொடங்குவதும் ஏறத்தாழ அக்காலத்தில்தான். அவற்றுள் கண்ணில் எளிதில் படாதது, முன்சக்கர ஆக்சிலின் இணைப்பை மூடியிருக்கும் ‘பூட்’ என்னும் உறை.

உறையின் பணி

அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஆகிய கார்களில் பின்சக்கரங்களே வண்டியை உந்தின. 1983இல் மாருதி 800 வந்த பின்னர் முன்சக்கர இயக்கம் நம் நாட்டில் பரவியது. இவ்வகைக் காரில் ஒரே சக்கரம் உருளவும், திரும்பவும், மேலும் கீழும் அசையவும் வேண்டும். இதற்கு உதவுவது ஆக்சிலின் இரு முனைகளிலும் உள்ள சி.வி. இணைப்புகள். சக்கரத்தை ஒட்டிய வெளி இணைப்பில் பொதுவாக 6 எஃகுக் குண்டுகள் கிரீஸில் மிதந்தபடி சுழலும். அந்தக் கிரீஸ் வெளியேறாமலும், மண்ணும் நீரும் உட்புகாமலும் காப்பதே மடிப்பு மடிப்பான இவ்வுறையின் வேலை. ராஜஸ்தானத்துப் புழுதிக்கும் மும்பை மழைக்கால வெள்ளத்துக்கும் இதுவே தடுப்புச் சுவர்.

அறிகுறிகள்

சக்கரத்தின் உட்புறத்தில் கரிய கிரீஸ் தெறித்திருந்தால் உறை கிழிந்துவிட்டது என்று கொள்ளலாம். ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி ஓட்டும்போது ‘டக், டக்’ என ஓசை கேட்டால் குண்டுகளே தேய்ந்துவிட்டன. உறையை மட்டும் மாற்றிப் பயனில்லை. முதல் நிலையில் செலவு ஓர் உறை, கிரீஸ், கிளாம்ப் ஆகியவற்றோடு முடியும். இரண்டாம் நிலையில் இணைப்பையோ முழு ஆக்சிலையோ மாற்ற நேரும். வழக்கமான மோட்டார் காப்பீடு தேய்மானத்தையும் இயந்திரப் பழுதையும் ஏற்பதில்லை என்பதால், அச்செலவு முழுவதும் நம் சேமிப்பிலிருந்தே போகும்.

வீட்டிலேயே மாற்றுவோர்க்கு

ஸ்பேனர் பிடித்துப் பழகியோர், தம் காருக்குரிய பணிமனைக் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமதளத்தில் இதனைச் செய்யலாம்.

1. ஹேண்ட் பிரேக் இட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே ஹப் நட்டைத் தளர்த்த வேண்டும்.

2. காரைத் தூக்கியபின் ஜாக் ஸ்டாண்டின் மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை வைப்பது உயிருக்கு ஆபத்து.

3. கீழ்க்கையின் பால் ஜாயின்டைப் பிரித்து, ஹப்பிலிருந்து ஆக்சிலை வெளியே எடுக்க வேண்டும். கியர் பெட்டியிலிருந்து உருவினால் எண்ணெய் வடியும். தட்டு வைத்துப் பிடித்து, பின்னர் அளவு பார்த்து நிரப்ப வேண்டும்.

4. சில கார்களில் வெளி இணைப்பைப் பிரிக்கக் கூடாது. உள் இணைப்பைக் கழற்றி, அந்தப் பக்கமாகவே உறையை நுழைக்க வேண்டும். கழற்றுமுன் பாகங்களின் நிலையைக் குறித்துக்கொள்வது அவசியம்.

5. பழைய கிரீஸை முற்றிலும் துடைத்து, உறையுடன் வந்த கிரீஸை முழுவதும் நிரப்ப வேண்டும். சாதாரண கிரீஸ் இதற்குப் பொருந்தாது. ஆக்சிலின் பல்முனையில் டேப் சுற்றி உறையை நுழைத்தால் ரப்பர் கிழியாது.

6. உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றி, உறை முறுக்கிக்கொள்ளாதவாறு புதிய கிளாம்புகளை இறுக்க வேண்டும். ஹப் நட்டும் புதியதாக இருத்தல் நலம். கையேடு கூறும் அளவுக்கு டார்க் ரெஞ்சினால் முறுக்க வேண்டும்.

ஆக்சில் இல்லாத நிலையில் வண்டியைத் தரையில் இறக்கி உருட்டினால் சக்கர பேரிங் கெடக்கூடும்.

இக்கருவிகள் இல்லாதோரும், உத்தரவாதக் காலத்தில் இருப்போரும் பணிமனையை நாடுவதே முறை. ஆயினும் சர்வீசுக்கு விடும்போதெல்லாம் “நான்கு உறைகளையும் பார்த்தீர்களா?” என்று கேட்பதற்குச் செலவில்லை. மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் ஸ்டியரிங்கைத் திருப்பி வைத்து, டார்ச் ஒளியில் வெளி உறைகளின் மடிப்புகளை நாமே பார்த்துவிடலாம். வெடிப்பு தெரிந்தால், கிரீஸ் வெளியேறும் முன்பே மாற்றிவிடுவோம். கடன் முடியும் நாளிலும் வாகனம் நல்ல விலை பெறும் நிலையில் இருப்பதே சிறந்த சேமிப்பு.