தள்ளுபடி யாருக்கு, தவணை யாருக்கு?

ஜவ்வாதுமலையில் சாமை விதைக்கும் விவசாயிக்குப் பணமுடை வந்தால் பெரும்பாலும் இரண்டு வழிதான். ஒன்று, பழங்குடியினருக்கான கூட்டுறவுச் சங்கம். ‘லாம்ப்’ சங்கம் என்றால்தான் ஜமுனாமரத்தூரில் தெரியும். மற்றொன்று, அறுவடையில் கழித்துக்கொள்வதாக முன்பணம் தரும் வியாபாரி. அரசு கடன் தள்ளுபடி அறிவித்தால் சங்கத்துக் கணக்கு மட்டுமே அழியும். வியாபாரியின் நோட்டில் அரசாணை செல்லாது.

சங்கத்தில் பயிர்க்கடன் வாங்க சிட்டா, அடங்கல் வேண்டும். காட்டுநிலத்தை வழிவழியாக உழுதும் 2006 வன உரிமைச் சட்டப்படி உரிமைப் பத்திரம் கைக்கு வராதவர், கடன் பட்டியலிலும் இருக்க மாட்டார், தள்ளுபடிப் பட்டியலிலும் இருக்க மாட்டார்.

பட்டியலில் இருப்பவர்களுக்குள்ளும் ஒரு வினோதம் உண்டு. 2021 பிப்ரவரி 5 அன்று முதல்வர் எடப்பாடி பழனிசாமி சட்டப்பேரவையில் அறிவித்த தள்ளுபடி 12,110 கோடி ரூபாய், பயனாளிகள் 16.43 லட்சம் விவசாயிகள். ஜனவரி 31 அன்று நிலுவையில் இருந்த பயிர்க்கடன்களுக்குத்தான் அது பொருந்தும். கெடுவுக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டி கிடையாது என்பது தமிழகக் கூட்டுறவு வழக்கம். அதற்காகக் கைமாற்று வாங்கியாவது பொங்கலுக்குள் கட்டி முடித்தவருக்கு ரசீதுதான் மிச்சம்.

அடுத்து வந்த திமுக அரசு, 5 பவுன் வரையிலான கூட்டுறவு நகைக்கடனைத் தள்ளுபடி செய்தது. செலவு சுமார் 6,000 கோடி ரூபாய். நடுத்தரக் குடும்பம் எங்கே நழுவி விழுகிறது என்பதை இதன் விதிகளில் பார்க்கலாம். குடும்பத்தார் எல்லோரும் அடகு வைத்த நகை மொத்தமாக 40 கிராமைத் தாண்டக் கூடாது. 40 வரை தள்ளுபடி, மீதியைக் கட்டு என்ற ஏற்பாடு இல்லை. ஒரு கிராம் கூடினாலும் முழுத் தொகையையும் கட்டியாக வேண்டும். அரசு ஊழியர், ஓய்வூதியர் குடும்பங்களுக்குக் கிடையாது. முழுதாகக் கட்டி மீட்டவர்களுக்கும் கிடையாது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகச் சங்கிலியும் வளையலுமாக 41 கிராம் வைத்த போளூர்க் குடும்பத்துக்கு வட்டியும் அசலும் அப்படியே நின்றன. ஆய்வுக்கு எடுத்த சுமார் 48 லட்சம் நகைக்கடன்களில் 35 லட்சத்துக்கு மேல் தகுதியற்றவை என்று ஒதுக்கப்பட்டன. முறைகேடாகக் கடன் வாங்கியவர்களை நீக்கியது சரி. ஏழைக்கு முதலிடம் என்பதிலும் தகராறு இல்லை. ஆனால் கோட்டுக்கு ஒரு கிராம் மேலே இருப்பவரை வசதிக்காரர் வரிசையில் தள்ளுவது என்ன கணக்கு?

நிஜமான வசதிக்காரர்கள் வட்டாரத்தில் மீட்பு வேறு மாதிரி நடக்கிறது. பெருநிறுவனங்களுக்குக் கொடுத்த கடன் வராமல் பொதுத்துறை வங்கிகளின் மூலதனம் கரைந்தபோது, 2016-17 முதல் 2020-21 வரை மத்திய அரசு 3.10 லட்சம் கோடி ரூபாய் போட்டது. அதில் 2.76 லட்சம் கோடி, மறுமூலதனப் பத்திரங்கள் வழியாக வந்தது. அதாவது, அரசு வெளியிடும் பத்திரத்தை வங்கி வாங்கும். அந்தப் பணத்தையே அரசு அதே வங்கியில் பங்காகப் போடும். இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் கொடுப்பதால் செலவே ஆகாதது போலத் தோன்றும். பத்திரத்துக்கான வட்டி மட்டும் ஆண்டுதோறும் பட்ஜெட்டில், நம் வரியில், போய்க்கொண்டிருக்கும்.

வங்கி மூழ்காமல் காத்ததால் நம் வைப்புத்தொகையும் தப்பியது, மறுக்கவில்லை. ஆனால் அதே காலத்தில், 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை மட்டும், குறைந்தபட்ச இருப்பு வைக்காத கணக்குகளிலிருந்து பாரத ஸ்டேட் வங்கி 1,771 கோடி ரூபாய் அபராதம் பிடித்தது. 2020-ல்தான் அந்த விதியைக் கைவிட்டது.

கீழே தள்ளுபடி, மேலே மறுமூலதனம், நடுவில் தவணை. இதோடு விலைவாசியும் சேர, குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு 2022-23-ல் நாட்டு உற்பத்தியில் சுமார் 5 சதவீதமாக இறங்கியது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் இவ்வளவு தாழ்ந்ததில்லை.

2019-ல் கடன் தள்ளுபடி அறிவித்த மகாராஷ்டிரம், ஒழுங்காகக் கட்டிய விவசாயிகளுக்கும் 50,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை தருவதாகச் சொன்னது. பணம் வரத் தொடங்கியது 2022-ல். தாமதம்தான், ஆனாலும் வந்தது. தமிழகத்தில் அடுத்த தள்ளுபடிக்கு அரசாணை எழுதும்போது, கட்டி முடித்தவருக்கும் ஒரு பத்தி ஒதுக்கட்டும். 41-வது கிராமுக்கும் ஒரு வழி சொல்லட்டும்.