மன்னார்க் காட்டில் விளைந்த வாக்குகள்

இலங்கையில் தேர்தல் நெருங்கினால் மன்னாரைப் பற்றி இரண்டு குற்றச்சாட்டுகள் தவறாமல் மேடையேறும். அங்கே காட்டை அழிக்கிறார்கள் என்பது ஒன்று. அப்படிச் சொல்கிறவர்கள் இனவாதிகள் என்பது மற்றது. இரண்டிலும் உண்மை உண்டு, இரண்டும் ஊதிப் பெருப்பிக்கப்பட்டவை. பெருப்பித்ததால் யாருக்கு இலாபம் என்று பார்த்தால் விடை விசித்திரமாக இருக்கிறது: தாக்கியவருக்குக் கிடைத்த இலாபத்தில் பாதியாவது தாக்கப்பட்டவருக்கும் கிடைத்தது. அது எப்படி என்பதுதான் இந்தக் காணொளி.

முதலில் திரையில் உள்ள வரைபடத்தைப் பாருங்கள். மன்னார்த் தீவிலிருந்து பாலம் கடந்து, கரையை ஒட்டித் தெற்கே இறங்கினால் சிலாவத்துறை, கொண்டச்சி, கரடிக்குளி, பாலைக்குளி, மறிச்சுக்கட்டி. எல்லாம் முசலிப் பிரதேச செயலர் பிரிவுக்குள் வரும் ஊர்கள். அவற்றுக்கும் தெற்கே மோதரகம் ஆறு. வில்பத்து தேசியப் பூங்காவின் வட எல்லை அந்த ஆறுதான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோரைச் சொந்த மண்ணிலிருந்து வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டிச் சனம் வள்ளமேறிக் கற்பிட்டிக்குப் போனது. புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்தது. 2009இல் போர் முடிந்து முசலிக்குத் திரும்பியவர்கள் பலர் பார்த்தது, குடியிருந்த காணியில் வளர்ந்து நின்ற காட்டை. அந்தக் குழப்பம் தீருமுன்பே, 2012 ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகள் ஒதுக்குக்காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன.

இதே காலத்தில்தான் மீள்குடியேற்றத்துக்கென்று காடு வெட்டப்பட்டது. பின்னணியில் நின்றவர், மன்னாரும் அடங்கிய வன்னித் தேர்தல் மாவட்ட எம்.பி.யும் அப்போதைய அமைச்சருமான ரிஷாட் பதியுதீன். விசாரிக்க வேண்டிய விடயம்தான். ஆனால் பொது பல சேனா என்ற சிங்கள பௌத்த அமைப்பு 2014இல் அதைக் கையில் எடுத்து, 2015 பொதுத் தேர்தல் ஆண்டில் தென்னிலங்கை எங்கும் பரவியபோது, அது வேறொன்றாகியிருந்தது. ஆற்றுக்கு வடக்கே நடந்தது தெற்கே தள்ளப்பட்டு, 'வில்பத்து சரணாலயம் அழிகிறது' என்றானது. ஓர் அமைச்சர் செய்தது, 'முஸ்லிம்கள் செய்தார்கள்' என்றானது. இன்னொன்றும் வசதியாக மறக்கப்பட்டது. 2014 டிசம்பர் வரை ரிஷாட் ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவின் அமைச்சரவையில் இருந்தவர். வடக்கின் மீள்குடியேற்றத்தை மேற்பார்த்த ஜனாதிபதி செயலணிக்குத் தலைவர் பசில் ராஜபக்ஷ. ஜனாதிபதித் தேர்தலில் மஹிந்தவை எதிர்த்த மைத்திரிபால சிறிசேனவின் பக்கம் ரிஷாட் தாவிய பிறகுதான், ராஜபக்ஷ முகாமின் கண்ணுக்கு மன்னாரின் மரங்கள் தெரிந்தன.

இதற்குப் பதில் சொல்வது ரிஷாட்டுக்குச் சிரமமாக இல்லை. 'இது இனவாதம்' என்றார். பெருமளவு உண்மையும் அதுதான். ஆனால் அந்தப் பதில் கேள்வியின் பொய்ப் பாதியோடு மெய்ப் பாதியையும் சேர்த்து மூடியது. மெய்ப் பாதி என்ன என்பதை 2020 நவம்பர் 16 அன்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. சுற்றாடல் நீதிக்கான மையம் தொடுத்த வழக்கில், ஆற்றுக்கு வடக்கே உள்ள கல்லாறு ஒதுக்குக்காட்டில் நடந்த காடழிப்பு சட்டவிரோதம் என்றும், மீண்டும் மரம் வளர்க்கும் செலவை ரிஷாட் ஏற்க வேண்டும் என்றும் தீர்ப்பு வந்தது. 'கல்லாற்றில் காணி கொடுத்தது எந்தச் சட்டப்படி?' என்று மட்டும் தொடக்கத்திலேயே கேட்டிருந்தால், அதற்கு 'இனவாதம்' என்பது பதிலாகியிருக்காது. மிகைப்படுத்தியவர்கள்தான் அந்தப் பதிலை அவர் கையில் கொடுத்தார்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். விரட்டப்பட்ட சனம் இருபது வருடம் கழித்துத் திரும்புகிறது, அதையே ஆக்கிரமிப்பாளர் என்கிறார்கள், இதை இனவாதம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? சொல்லத்தான் வேண்டும். இரு தரப்பும் ஒரே தட்டில் என்பது என் வாதம் அல்ல. ஒரு பக்கத்தில் மேடைப் பேச்சு, மறுபக்கத்தில் துப்பாக்கியே வந்தது. 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாள். வாக்காளர் இடாப்பில் பெயர் மன்னாரில், குடியிருப்பு புத்தளத்தில் என்றிருந்த முஸ்லிம்களை ஏற்றிவந்த பஸ் வரிசைமீது தந்திரிமலைப் பக்கம் கல்லெறிந்தார்கள், சுட்டார்கள். அடுத்த ஆண்டு, அதே தேர்தலுக்கு ஆட்களை ஏற்ற 222 இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்களுக்கு அரச பணம் 95 இலட்சம் ரூபாயைச் செலவிட்டதாக ரிஷாட் கைதானார். நாள் 2020 ஒக்டோபர் 19. மூன்றாம் நாள் நாடாளுமன்றத்தில் அரசியலமைப்பின் 20ஆம் திருத்தத்துக்கு வாக்கெடுப்பு. தலைவர் காவலில் இருக்க, அவருடைய கட்சியினர் சிலர், 2019 தேர்தலில் வென்ற கோட்டாபய ராஜபக்ஷவின் அரசாங்கத்துக்கே ஆதரவாகக் கை உயர்த்தினார்கள். இனவாத அரசு என்று முதல் நாள் சொன்ன வாய், வாக்கெடுப்பு மணி அடித்ததும் மூடிக்கொள்ளும் என்றால், அந்தச் சொல்லை அடுத்த தடவை யார் நம்புவது? இனவாதத்தால் உண்மையாகவே அடிபட்ட அந்த பஸ் பயணிகளின் முறைப்பாட்டின் கனத்தையும் இது குறைத்துவிடுகிறது.

இன்னொரு மறுப்பு: தேர்தல் காலத்துப் பெருப்பிப்பு ஊருக்குத் தெரிந்ததுதானே, வாக்காளர் என்ன விரலைச் சப்புகிறாரா? வன்னியில் இல்லை என்பது சரி. 2019இல் இங்கே தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து 82 சதவீதம் வாக்கை, கோட்டாபயவை எதிர்த்துப் போட்டியிட்ட சஜித் பிரேமதாசவுக்கு அளித்தார்கள். ஆனால் வில்பத்துப் பேச்சு வன்னிக்காகப் பேசப்பட்டதே அல்ல. மறிச்சுக்கட்டியைக் கண்ணால் காணாத தென்னிலங்கை வாக்காளருக்காகப் பேசப்பட்டது. நாடு முழுவதும் கோட்டாபய ராஜபக்ஷ 52 சதவீதத்தோடு வென்றார். எதிர்ப்பேச்சுக்கும் வேறொரு சபை இருந்தது: சிலாவத்துறையும் புத்தளத்து முகாம்களும். இரண்டு பேச்சும் ஒரே சபையில் ஒருநாளும் மோதவில்லை, அதனால் எதையும் யாரும் நிரூபிக்கவும் வேண்டியிருக்கவில்லை.

தமிழ்த் தரப்பும் இந்தப் பெருப்பிப்புக்கு வெளியே நிற்கவில்லை. 2012இல் மன்னார் நகரின் உப்புக்குளத்தில், மீன்பிடி வள்ளம் கட்டும் கரை யாருக்கு என்று தகராறு வந்தது. 1990இல் விரட்டப்பட்டுத் திரும்பிய முஸ்லிம் மீனவர் ஒரு பக்கம். போரில் இடம்பெயர்ந்து அந்தக் கரையில் தொழில் செய்த விடத்தல்தீவுத் தமிழ் மீனவர் மறுபக்கம். இரு பக்கமும் அகதிகள். வாடி, வலை, வள்ளம் என்று ஒரு மேசையில் பேசித் தீர்க்கக்கூடிய பிரச்சினை அது. ஜூலை 18 அன்று மன்னார் நீதிமன்றத்துக்குக் கல்லெறியும் அளவுக்குப் போனது. அதற்குப் பிறகு அது கரையைப் பற்றிய பிரச்சினையாக இருக்கவில்லை. ஒரு பக்கம், ரிஷாட்டைக் குறித்து, 'முஸ்லிம் அமைச்சரின் அடாவடி', மறுபக்கம் 'தமிழரின் இனவாதம்'. மறு ஆண்டு வட மாகாண சபைத் தேர்தலில் வென்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு, தன் போனஸ் ஆசனங்கள் இரண்டில் ஒன்றை ஒரு முஸ்லிமுக்குக் கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனாலும் உப்புக்குளத்துக் கரையில் எத்தனை வள்ளம் யாருடையது என்ற கேள்விக்கு அந்த ஆசனம் பதிலாகாது.

இத்தனைக்கும் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறே ஆசனங்கள், அதற்குள் விருப்பு வாக்கு. எனவே வேட்பாளரின் நிஜமான போட்டியாளர் பெரும்பாலும் சொந்தச் சமூகத்துக்காரர்தான். ரிஷாட்டின் வாக்கைக் குறைக்கக்கூடியவர் வன்னியின் இன்னொரு முஸ்லிம் அரசியல்வாதியான காதர் மஸ்தான், ஒரு பௌத்த பிக்கு அல்ல. கூட்டமைப்பின் தலைமைக் கட்சியாக இருந்த தமிழரசுக் கட்சியின் வாக்கைப் பிரிப்பது இன்னொரு தமிழரான செல்வம் அடைக்கலநாதனின் அணி. வெளியே ஓர் எதிரியைப் பெரிதாக்கிக் காட்டுவது, வீட்டுக்குள் இருக்கும் போட்டியாளரை ஓரங்கட்டத்தான். 2020இல் கூட்டமைப்பாக நின்று மூன்று ஆசனம் பெற்ற தமிழரசுக் கட்சிக்கு 2024இல் ஒன்றுதான் கிடைத்தது. ரிஷாட், மஸ்தான், அடைக்கலநாதன் மூவரும் ஆளுக்கொரு கட்சியில் வென்றார்கள்.

அந்த 2024 நவம்பரில் வன்னியில் இரண்டு ஆசனம் எடுத்தது ஆளும் கட்சியான தேசிய மக்கள் சக்தி. வடக்கு இனவாத அரசியலை நிராகரித்துவிட்டது என்று ஆளும் தரப்பில் பேசிக்கொண்டார்கள். வன்னியில் அவர்கள் எடுத்த வாக்கு ஏறத்தாழ 20 சதவீதம். இரண்டில் ஓர் ஆசனம், முதலிடம் பெறும் கட்சிக்குச் சட்டம் தரும் போனஸ். மிச்சம் 80 சதவீதமும் இனவாதத்துக்கு விழுந்த வாக்கு என்றால், மன்னாரில் காணிக்காகவோ கரைக்காகவோ வேறு கட்சிக்கு வாக்களித்த எவரும் இனவாதிதான். வில்பத்துக் கதையில் ஓர் அமைச்சர் ஒரு சமூகமாகப் பெருத்ததும் இப்படித்தான்.