அபிப்பிராயத்துக்கு முன் சம்பவம்

இரண்டு வாரம் உழைத்து ஒரு ஸ்பிரிண்டை முடித்த மென்பொருள் குழு, அடுத்ததைத் தொடங்குமுன் ஒன்றாக உட்கார்ந்து, தான் வேலை செய்த விதத்தையே பரிசீலிக்கும் கூட்டத்தை ‘ரெட்ரோ’ என்கிறோம். அஜைல் முறையின் கூட்டங்களில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்கலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம். ஆயினும் வேலை நெருக்கடி வந்த மாத்திரத்தில் முதலில் ரத்தாவது இதுதான். அதற்குக் காரணம் சோம்பல் அன்று. சென்ற முறை மனம்விட்டுப் பேசியும் ஒன்றும் மாறவில்லையே, இனிப் பேசி என்ன பிரயோஜனம் என்ற சலிப்புதான்.

2001 பிப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்டில் கூடிய பதினேழு பேர் வெளியிட்ட அஜைல் பிரகடனத்தோடு சேர்ந்த பன்னிரண்டு கோட்பாடுகளில் கடைசியானது, குழு சீரான இடைவெளிகளில் தன்னைத் தானே ஆராய்ந்து திருத்திக்கொள்ள வேண்டும் என்பது. அதே ஆண்டில் ரெட்ரோ பற்றி நூல் வெளியிட்ட நார்மன் கெர்த், கூட்டத்தின் ஆரம்பத்திலேயே எல்லாரும் ஏற்க வேண்டிய ஒரு நம்பிக்கையை முன்வைத்தார்: அன்று கையில் இருந்த தகவல், திறமை, சாதனம், சூழ்நிலை ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதைச் செய்தார் என்பதே அது. இதை வெறும் மரியாதைச் சொல்லாக எண்ணிவிடாதீர்கள். இதை ஏற்றால்தான், யார் தவறு என்ற கேள்வி விலகி, எது அவரை அவ்வாறு செய்ய வைத்தது என்ற கேள்விக்கு இடம் பிறக்கிறது.

எஸ்தர் டெர்பியும் டயானா லார்சனும் 2006-இல் எழுதிய நூல், கூட்டத்தை ஐந்து கட்டங்களாகப் பிரிக்கிறது: தொடக்கம், தகவல் திரட்டல், காரணம் காணல், முடிவெடுத்தல், நிறைவு. நம்மில் பலர் வணக்கம் சொன்ன கையோடு முடிவுக்குத் தாவிவிடுகிறோம். இரண்டாம் கட்டத்தைத் தவறவிட்டவர்களுக்கு மற்றவை கைகொடுப்பதில்லை என்பதால், அங்கே சற்று நிற்போம்.

ஒரு குழுவின் ரெட்ரோ பலகையை மனக்கண்ணில் பாருங்கள். பத்து வேலை நாள்களுக்கு ஒரு கோடு. பத்து நிமிடம் யாரும் பேசாமல், நடந்ததை மாத்திரம் ஸ்டிக்கி நோட்டில் எழுதி, அந்தந்த நாளின்மேல் ஒட்டுகிறார்கள். “டெஸ்டிங்தான் சார் லேட்” என்ற பேச்சோடு உள்ளே வந்த குழு இது. இப்போது பலகை சொல்வதென்ன? மூன்றாம் நாள் டெஸ்ட் சர்வர் நின்றுபோயிருக்கிறது. நான்காம் நாள் பணம் செலுத்தும் பக்கத்துக்கான தேவை மாறியிருக்கிறது. எட்டாம் நாள் மாலை ஆறு டிக்கெட்டுகள், அதாவது தனித்தனி வேலைகள், ஒரே மூச்சில் டெஸ்டிங்குக்கு வந்து குவிந்திருக்கின்றன. டெஸ்டரின் வேகத்தைக் குறைசொல்ல வந்தவர்களே, எட்டாம் நாள் வரை ஒரு டிக்கெட்டையும் நாம் ஏன் முடித்துக் கொடுக்கவில்லை என்று கேட்கத் தொடங்குகிறார்கள். சம்பவம் கண்முன் வரிசையாக நிற்கும்போது கோபம் தானாகத் தணிகிறது.

ஆனால் நோட்டில் உண்மையை எழுதத் துணிவு வேண்டுமே! ஏமி எட்மண்ட்சன் என்ற ஆராய்ச்சியாளர், மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தபோது, தலைமையும் ஒற்றுமையும் சிறந்திருந்த குழுக்களிலேயே பிழைகள் அதிகம் பதிவாகியிருக்கக் கண்டு வியந்தார். அங்கே பயமின்றிச் சொல்ல முடிந்ததே அதற்குக் காரணம் என்ற விளக்கத்துக்கு வந்தார். ஆகையால், எவ்வளவு தாராளமாகப் பேச முடிகிறது என்பதை ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிட்டு, பெயர் எழுதாமல் சீட்டில் தரச் சொல்லுங்கள். ஒன்றும் இரண்டுமாகவே வந்தால், அன்றைய விஷயம் ஸ்பிரிண்ட் அன்று, அந்தப் பயம்தான். மேனேஜர் இருந்தால் கடைசியில் பேசட்டும். குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் முதலில் பேசட்டும். பெரியவர் வாய்திறந்த பிறகு “அதேதான் சார்” என்று சொல்லி அமர்வது நமக்கு மிகப் பழகிப்போன வழக்கம்.

முடிவுகளைப் பற்றி ஒரு சொல். பலகையில் பதினைந்து யோசனைகள் இருக்கலாம்; எடுத்துக்கொள்வது ஒன்றாக இருக்கட்டும். “தகவல் பரிமாற்றத்தை மேம்படுத்துவோம்” என்பது முடிவல்ல, விருப்பம். “ஒரே சமயத்தில் மூன்று டிக்கெட்டுக்கு மேல் தொடங்குவதில்லை, கவனித்துக்கொள்பவர் இன்னார்” என்பது முடிவு. ஒரு மேம்பாட்டையாவது அடுத்த ஸ்பிரிண்டின் பேக்லாகிலேயே, அதாவது வேலைப் பட்டியலிலேயே, சேர்க்க வேண்டும் என்று, அஜைல் முறைகளுள் ஒன்றான ஸ்க்ரமின் வழிகாட்டி 2017 பதிப்பில் விதித்தது. 2020 பதிப்பு அதைச் சேர்க்கலாம் என்ற அளவுக்குத் தளர்த்திவிட்டது. பழைய விதியே மேல் என்பேன், ஏனெனில் பேக்லாகில் இல்லாத வேலைக்கு யாரும் அவகாசம் ஒதுக்குவதில்லை.

அடுத்த ரெட்ரோவின் முதல் ஐந்து நிமிடத்தை அந்த ஒரு முடிவுக்கே கொடுங்கள். நிறைவேறியிருந்தால் என்ன பலன் கிடைத்தது என்று கேளுங்கள். நிறைவேறவில்லையென்றால், யாரையும் கடிந்துகொள்ளாமல், தடுத்தது எது என்று விசாரித்து, அந்த முடிவைச் சிறிதாக்கியோ, அவசியமில்லை எனத் தோன்றினால் எல்லாரும் அறியக் கைவிட்டோ, அதன் பிறகு புதிய கோட்டைப் பலகையில் வரையுங்கள்.