ஒரு கோப்பையின் விலையில் இசை

பரிசில் பெற்று மீளும் பாணன், எதிர்ப்படும் மற்றொரு பாணனுக்குச் செல்லும் வழியையும் வழியிடைக் கிடைக்கும் உணவையும் எடுத்துரைப்பது ஆற்றுப்படை இலக்கியத்தின் மரபு. உயர்கல்விக்காகவும் தொழில் நிமித்தமாகவும் ஜப்பான் செல்லும் நம் இளைஞர்க்கும் அத்தகையதோர் ஆற்றுப்படை வேண்டியிருக்கின்றது. அந்நாட்டு நகரங்களில் சிறிய இசைக்கூடங்கள் பெரும்பாலும் உண்ணும், பருகும் இடங்களாகவே அமைந்துள்ளன. 'மது அருந்தாதவனுக்கு அங்கென்ன வேலை?' என்று வாயிலோடு திரும்பிவிடுவோர் உளர். அவ்வாறு திரும்ப வேண்டுவதில்லை.

முதலில் 'கிஸ்ஸாதென்' என்னும் கடைகளைக் காண்போம். தேநீர் பருகும் கடை என்பது இச்சொல்லின் பொருள். ஆயினும் அங்கே கோலோச்சுவது காப்பியே. இசைத்தட்டும் அதனை ஒலிக்கும் கருவியும் எளியோர்க்கு எட்டாத விலையில் இருந்த காலத்தில், கடைக்காரர் அவற்றை வாங்கி வைத்தார். ஒரு கோப்பைக் காப்பிக்கு விலை கொடுத்தவர் நெடுநேரம் அமர்ந்து கேட்டார். டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் 1926-இல் தோன்றிய 'லயன்' இவ்வகையில் புகழ்பெற்றது. போர்க்காலக் குண்டுவீச்சில் எரிந்து, 1950-இல் மீண்டும் எழுந்தது. மேலைச் செவ்விசைக்குரிய அக்கடையில் இருக்கைகள் பேருருவான ஒலிபெருக்கியை நோக்கியே இடப்பெற்றுள்ளன. உரையாடலுக்கு இடமில்லை. காப்பிக் கடையில் பேசலாகாது என்பது நம்மவர்க்குத் தண்டனையாகவே தோன்றும்!

யோக்கோஹாமாவில் 1933-இல் தொடங்கிய 'சிகுசா' ஜாஸ் இசைக்கு உரியது. பின்னாளில் உலகப்புகழ் பெற்ற பியானோக் கலைஞர் அக்கியோஷி தொஷிகோவும், சாக்சபோன் கலைஞர் வத்தனபே சதாவோவும் தம் இளமையில் அங்கு அமர்ந்து இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுப் பயின்றனர். இசைப்பள்ளி செய்ய வேண்டிய பணியை ஒரு காப்பிக் கடை செய்திருக்கிறது.

இனி, கலைஞர்கள் நேரில் வாசிக்கும் கூடங்கள். 'லைவ் ஹவுஸ்' என்னும் ஆங்கிலச் சொற்களை இணைத்து ஜப்பானியர் தாமே ஆக்கிக்கொண்ட பெயர் இவற்றுக்கு வழங்குகின்றது. நுழைவுச்சீட்டு வாங்கிய பின்னரும் வாயிலில் பானத்திற்கெனத் தனியே ஏறத்தாழ 500 அல்லது 600 யென் கேட்பர். புதியவர் இதனை ஏமாற்று எனக் கருதுவதுண்டு. உண்மை வேறு. திரையரங்கு, நாடக அரங்கு போன்றவற்றுக்குரிய சட்டம் காற்றோட்டம், கழிப்பறை முதலியவற்றில் கடுமையான விதிகளை உடையது. நிலவறைகளில் இயங்கும் சிறு கூடங்களால் அவற்றை நிறைவேற்றல் அரிது. ஆகவே அவற்றுட் பல, உணவகம் என்றே உரிமம் பெறுகின்றன. உணவகம் என்பதற்குச் சான்றாக ஒவ்வொருவருக்கும் ஒரு பானம் விற்கின்றன. அப்பானம் மதுவாகத்தான் இருத்தல் வேண்டும் என்பதில்லை. ஊலாங் தேநீர், ஆரஞ்சுச் சாறு என்று கேட்டால் முகம் சுளிப்பார் எவருமிலர். மேலும், இருபது வயது நிரம்பாதவர் மது அருந்துவதை அந்நாட்டுச் சட்டமே தடுக்கின்றது.

டோக்கியோ ஷின்ஜுகுவில் 1965-இல் தோன்றிய 'பிட் இன்' ஜாஸ் கலைஞர்களின் தாய்வீடு எனத்தகும். கியோத்தோவில் பழைய மதுக்கிடங்கொன்று 1974 முதல் 'தக்குதக்கு' என்னும் இசைக்கூடமாக விளங்குகின்றது. மது இருந்த இடத்தில் இசை குடியேறியது எனக்கு உவப்பான செய்தி.

உணவு பற்றிய எச்சரிக்கை இன்றியமையாதது. 'இஸகாயா' எனப்படும் மது விற்கும் உணவகங்களில் அமர்ந்தவுடன் கேளாமலேயே ஒரு சிறு தட்டு வரும். அதற்கும் விலை உண்டு. ராமென் என்னும் நூடுல்ஸ் குழம்பு பல கடைகளில் பன்றி எலும்பினின்று காய்ச்சப்படுவது. மீனாயினும் அதன்மேற் பூசும் சாற்றில் மிரின் என்னும் இனிப்பு மது கலந்திருக்கக்கூடும். உப்பு மட்டும் இட்டுச் சுட்ட மீன் கேட்பது நலம். காப்பிக் கடைகளின் தடித்த ரொட்டியும் முட்டையும் பசியாற்றும். நகோயா நகரில் காலைக் காப்பியோடு அவற்றை விலையின்றியே தரும் வழக்கமும் உண்டு.

இவ்விரு தேவையும் ஒருங்கே நிறைவேறும் நகரம் கோபே. 1923-இல் இதா இச்சிரோ என்பார் ஜப்பானியரின் முதல் தொழில்முறை ஜாஸ் குழுவைத் தொடங்கிய துறைமுக நகரம் அது. அங்குக் கித்தானோ மேட்டுத்தெருவில் 1969-இல் 'சோனே' என்னும் ஜாஸ் உணவகம் தொடங்கப்பெற்றது. அத்தெருவினின்று நடந்து செல்லும் தொலைவில் ஜப்பானின் முதற் பள்ளிவாசல் நிற்கின்றது. இந்திய முஸ்லிம் வணிகர் உள்ளிட்டோரின் பொருளுதவியால் 1935-இல் எழுந்த அக்கட்டடம், 1945-இன் குண்டுவீச்சையும் 1995-இன் நிலநடுக்கத்தையும் தாங்கி நின்றது. அதனைச் சூழ்ந்த தெருக்களில் ஹலால் உணவுப் பொருள் விற்கும் கடைகளும் இந்திய உணவகங்களும் உள்ளன. அங்கு உண்டபின் மேட்டிலேறி இசை கேட்கலாம்.

கோப்பையே வேண்டா என்பார்க்கும் வழியுண்டு. வடகிழக்கிலுள்ள செண்டாய் நகரில் 1991 முதல் செப்டம்பர் மாதத்தில் ஜோஸென்ஜி தெரு ஜாஸ் விழா நிகழ்ந்து வருகின்றது. மரநிழற் சாலையிலும் கடைவாயில்களிலும் எண்ணற்ற குழுக்கள் வாசிக்கின்றன. கட்டணம் இல்லை, நின்று கேட்கக் கால்கள் இருந்தால் போதும்.