நாணல் தந்த வலிமை

இந்தியச் சர்க்கரைத் தொழிலின் வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது, பொருளாதாரம் கற்பித்த என்னைப் போன்றோர் 1932-ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டத்தையே முதலில் குறிப்பிடுவோம். இறக்குமதிச் சர்க்கரை மீதான வரியால் ஆலைகள் சில ஆண்டுகளிலேயே பல மடங்காகப் பெருகின. ஆனால், வரி ஆலைகளை எழுப்பலாமே தவிர, கரும்பை விளைவிக்காது. அந்த ஆலைகளுக்கான கரும்புக்கு வழிவகுத்தது, அதற்கும் முன்பே கோயம்புத்தூரில் நடந்த ஓர் ஆராய்ச்சி.

மனித உயிரணுவில் தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 என 46 குரோமோசோம்கள் உள்ளன. மனிதக் கருவில் ஒரு முழுத் தொகுதி கூடிவிட்டால் அது நிலைப்பதில்லை. தாவரங்களோ அதைத் தாங்கிக்கொள்கின்றன. ரொட்டிக் கோதுமையில் ஆறு தொகுதிகள் உள்ளன. ஒரே மரபணுவுக்குப் பல படிகள் இருக்கையில், ஒன்று பழைய பணியைத் தொடர, மற்றொன்று மாற்றமடைந்து புதிய பணியை ஏற்க முடிகிறது. தாவரப் பரிணாமத்தின் முக்கிய வழிகளுள் இதுவும் ஒன்று.

இதற்குக் கரும்பைவிடச் சிறந்த சான்று அரிது. நியூகினிப் பகுதியில் தோன்றிய தடித்த கரும்பில் 80 குரோமோசோம்கள். அதற்கு இனிப்பு உண்டு. நோயையும் குளிரையும் தாங்கும் ஆற்றல் குறைவு. ஆற்றோர நாணலில் இனிப்பில்லை. தாங்கும் வலிமை உண்டு. 1912-இல் கோவையில் தொடங்கப்பட்ட ஆராய்ச்சி நிலையத்தில் சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் இவ்விரண்டையும் கலந்தனர். அதன் பயனாக 1918-இல் 'கோ 205' ரகம் வட இந்திய வயல்களுக்குச் சென்றது.

இக்கலப்பில் ஒரு விந்தை உண்டு. வழக்கமாகத் தாயும் தந்தையும் பாதிப் பாதி தர, இங்கே தாய்க்கரும்பு தன் 80 குரோமோசோம்களையும் தந்துவிடுகிறது. கோவை நாணல் தன் 64-இல் பாதியைத் தர, பிள்ளைக்கு 112 கிடைக்கிறது. 1930-களில் ஜானகி அம்மாள் கோவையில் கரும்பின் குரோமோசோம்களை விரிவாக ஆராய்ந்தார். இன்றைய ரகங்களில் நாணலின் பங்கு 10 முதல் 20 சதவீதமே. அச்சிறு பங்கே பயிரின் வலிமைக்குப் பெரிதும் காரணம்.

கவலையும் இங்குதான் தொடங்குகிறது. உலகின் இன்றைய ரகங்கள் பெரும்பாலும் கோவையிலும் ஜாவாவிலும் நடந்த சில கலப்புகளின் வழித்தோன்றல்கள். 2009-இல் வெளியான 'கோ 0238' உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதியைப் பிடித்தது. பின்னர் செவ்வழுகல் நோய் அதைத் தாக்கியபோது இழப்பும் பரவலாயிற்று. ஒரே பங்கில் முழுச் சேமிப்பையும் முதலிடுபவர் ஏற்கும் இடர் இதுவே.

மாற்று ரகத்துக்கான மரபணுக்கள் காட்டினங்களில் உள்ளன. கண்ணூரில் உள்ள ஆய்வு மையம், உலகின் மிகப்பெரிய கரும்பு இனச் சேகரிப்புகளுள் ஒன்றைக் காத்துவருகிறது. ஒரு ரகத்தை உருவாக்கப் பத்தாண்டுகளுக்கு மேலாகலாம். விவசாயி கரணையை வெட்டித் தானே நட்டுக்கொள்வதால், விதை விற்பனையில் லாபம் காணும் தனியார் இதில் பெரிதாக முதலிட முன்வரமாட்டார்கள். இது பொதுப்பண்டம், அரசே ஏற்க வேண்டிய பொறுப்பு. ஆலைகளுக்குச் சலுகை வழங்கும் நிதிநிலை அறிக்கைகளில், நாணலைக் காக்கவும் ஒரு வரி இடம்பெற வேண்டும்.

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு).